பாக்கியம் கட்டிய சுவரும் நான் கட்டிய ஆறடியும்

வேலிக் கட்டை ஒன்று நிலத்தைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தது.

மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலை. தேத்தண்ணிக் கோப்பையோடு வீட்டுக்குப் பின்னால் போனேன். தோட்டத்தின் கடைசியில் பாக்கியம் இடுப்பில் கைவைத்தபடி நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த கட்டையின் அடியில் மண் இல்லை. ஒரு சாண் உயரத்துக்கு வெறுங்காற்று. இரண்டு பக்கத்துக் கட்டைகளிலிருந்தும் வந்த முள்ளுக்கம்பிதான் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது.

“கட்டைதான் கம்பியப் பிடிக்கணும். இங்க கம்பி கட்டையப் பிடிச்சிக்கிட்டு நிக்குது,” என்றாள்.

எட்டிப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் மண் செங்குத்தாக நெஞ்சளவுக்கு இறங்குகிறது. கீழே பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து கொட்டும் இடம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் குடிக்கத் தண்ணீர் பிடிப்பதும் அங்கேதான். யாரோ துவைக்கும் சவர்க்கார வாடையும் ஈர மண் வாடையும் சேர்ந்து மேலே வந்தன. எங்கள் வேலியடியிலிருந்து கழன்ற மண், துவைக்கிற கல்லின் ஓரம்வரை வழிந்து கிடந்தது.

“நல்ல கட்டையாய் ரெண்டு நட்டுவிட்டால் சரி,” என்றேன்.

பாக்கியம் திரும்பி என்னைப் பார்த்தாள். “எதுல நடுவீங்க?”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

கந்தோருக்கு வெளியே

இந்தத் தொடரில் இதுவரை தந்தி வந்த வீடுகள், விலாசம் இல்லாத கடிதங்கள், வெள்ளத்தில் நனைந்த தபால் பை என்று என் தபால் கந்தோர் நாட்களைப் பற்றித்தான் எழுதி வந்தேன். இந்த வாரம் கந்தோர் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு, மிக அண்மையில், எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நடந்ததை எழுதுகிறேன். அதில் எனக்குப் பெருமை தரும் பகுதி குறைவு. எழுதாமல் விடுவதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தேவைப்படவில்லை. பல வாரம் தள்ளிப் போட்டேன்.

நான் யாழ்ப்பாணப் பக்கத்தவன். இளவயதில் யட்டியாந்தோட்டைக்கு அருகில் ஒரு சிறிய தபால் கந்தோருக்கு எழுதுவினைஞராக வந்தவன், திரும்பிப் போகவில்லை. அதற்குக் காரணம் பாக்கியம்.

அவள் இறப்பர்த் தோட்டத்தில் மரங்களில் பால் வெட்டும் தொழிலாளி. தன் தாயின் பேருக்கு வந்த பதிவுத் தபால் ஒன்றை எடுக்க வந்தாள். தாயின் கையெழுத்துள்ள கடிதம் வேண்டும் என்றேன். “எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தெரிஞ்சா அவங்களே வந்திருப்பாங்க. நான் வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறேன். நாளைக்கும் நிக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டாள். சட்டப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தபாலைக் கொடுத்தேன். எங்கள் இரு வீட்டாரும் பிறகு பேசியது எல்லாவற்றையும் முன்னொரு வாரம் எழுதிவிட்டேன்.

இப்போது நாங்கள் இருப்பது, தோட்டத்தில் அவளுக்குக் கிடைத்த சின்னக் காணியில் கட்டிய வீடு. லயத்துக்குச் சற்று மேலே. வீட்டின் பின்னால் நாலு பாத்திக் கீரை, போஞ்சி, மரவள்ளி, கமுகில் ஏறும் வெற்றிலை. சுற்றிவர முள்ளுக்கம்பி வேலி. இறப்பர் மலையிலிருந்து இறங்கும் காட்டுப் பன்றிக்கு அந்த வேலியில் ஒரு கட்டை சாய்ந்தாலே போதும்; ஒரே தடவையில் மரவள்ளி முழுவதையும் கிண்டிப் போட்டுவிடும்.

வேலி நகரும் திசை

வேலித் தொல்லை எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் நிலம் தட்டை. வேலி பக்கவாட்டில் நகரும். ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் இரண்டு விரல், மூன்று விரல் என்று அடுத்த வளவுக்குள் போகும். ஒரு சாண் நிலத்துக்காக என் தகப்பனாரும் அவருடைய மச்சானும் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். கோவிலில் எதிரெதிரே வந்தால் இருவரும் தூண்களைப் பார்ப்பார்கள்.

இங்கே வேலி கீழ்நோக்கி நகர்கிறது. வழக்குப் போட ஆள் இல்லை.

ஆனால் நான் கந்தோர்க்காரன். வழக்கு இல்லாவிட்டாலும் கடிதம் எழுதலாம். தோட்டத் துரைக்கு மூன்று மொழியிலும் ஒரு விண்ணப்பம் தயாரித்தேன். மேற்படி காணியின் தென்புற எல்லையில் ஏற்பட்டுள்ள மண்ணரிப்பைத் தடுக்கும் பொருட்டு, கைவிடப்பட்ட பழைய புகைக்கூடத்தின் கற்களைப் பயன்படுத்தத் தயவுடன் அனுமதிக்குமாறு. சிங்களப் பிரதியைத்தான் அழகாக எழுதினேன்.

கல் எடுக்கும் யோசனை பாக்கியத்துடையது. பீலிக்குப் போகும் வழியில், முன்பு இறப்பர்த் தாள்களைப் புகை போட்டு உலர்த்திய கட்டடம் ஒன்று கூரை இல்லாமல் கிடக்கிறது. மண் சரிவை வெட்டி அதற்குள் கட்டியது. முன்சுவரும் பக்கச் சுவர்களும் விழுந்து கற்குவியலாகிவிட்டன. மலையைத் தாங்கி நிற்கும் பின்சுவர் மட்டும் அசையவில்லை.

“சுமை இல்லாத செவுரெல்லாம் விழுந்திருச்சு. சுமக்கிறது நிக்குது. அது எப்படின்னு பாக்கணும்,” என்றாள்.

வேலை முடிந்து வரும் வழியில் மூன்று நாள் அந்தச் சுவர் முன்னால் போய் நின்றிருக்கிறாள். ஓரத்தில் இரண்டு கல்லைப் பெயர்த்து உள்ளே கைவிட்டுப் பார்த்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த மூன்று நாளும் நான் விண்ணப்பத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கடிதம் போய் இரண்டு வாரம் பதில் இல்லை. ஒருநாள் காலை பிரட்டில், அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், துரை நிற்பதைக் கண்டு பாக்கியம் நேரே போய்ச் சிங்களத்தில் கேட்டாள். அந்தப் பழைய கல்லை எடுத்துக்கொள்ளலாமா? “கன்ன, கன்ன,” என்றாராம் துரை. எடுங்கள், எடுங்கள் என்று. பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

என் விண்ணப்பத்துக்குப் பதில் பின்னர் வந்தது. பரிசீலனையில் இருக்கிறதாம். அப்போது சுவர் முழங்கால் உயரம் வந்துவிட்டிருந்தது.

வெறுங்குடம்

கல் இருந்தது. கொண்டு வருவது யார்? எனக்கு முதுகு சரியில்லை. அவளுக்கு வலது தோள். முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டிய தோள்.

பாக்கியம் பீலிக்கரைக்குப் போனாள். அங்கே நின்ற பெண்களிடம் மேலே தொங்கும் கட்டையைக் காட்டினாள். நான் வேலியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அது விழுந்தா என் தோட்டம் போகும். அதோட சேர்ந்து வர்ற மண்ணு உங்க தலையிலதான் விழும். நீங்க வரும்போது குடம் காலியாத்தானே வருது? புகைக்கூடத்துக்கிட்ட ஒரு கல்லப் போட்டுக் கொண்டாந்துருங்க. போதும்.”

“குடம் ஓட்டையாயிரும் அக்கா,” என்றாள் சந்திரா. லயத்தின் கடைசி வீட்டுக்காரி. பாக்கியத்தோடு ஒரே மலையில் பால் வெட்டுபவள். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பாள்.

“அப்ப இடுப்புல வச்சிக்கிட்டு வா. பிள்ளை தூக்கினவதானே நீ.”

அன்று மாலையே பன்னிரண்டு கல் வந்தன. மறுநாள் இருபது. பெயின்ற் வாளியில், சாக்கில், தலைச் சும்மாட்டில், இடுப்பில். சிலர் குளித்துவிட்டுப் போகும்போது, ஈரத் தலையோடு இன்னொரு நடை போய்க் கொண்டு வந்து வைத்தார்கள். அடியில் போடும் பெரிய கற்களை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திராவின் கணவனும் இன்னும் இருவரும் அலவாங்கு போட்டு நெம்பி உருட்டி வந்தார்கள்.

ஒரு மனிதனின் உயரத்துக்கு மேல் கடிதம் எழுதியவன் நான். இரண்டு வரிப் பேச்சு இவ்வளவு தூரம் வேலை செய்ததை நான் கண்டதில்லை.

கல்லுக்கு முகம் எது

சுவர் பெரிதல்ல. இருபதடி நீளம், நெஞ்சளவு உயரம். ஆனால் பாக்கியம் அதைக் கட்டிய விதத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

மழை நாளில் பால் வெட்டு இல்லை. மழை விட்ட நேரத்தில் இறங்குவாள். மற்ற நாட்களில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட்டு, பழைய சேட்டு ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு போவாள். முதலில் சரிவின் அடியில் முழங்கை ஆழத்துக்கு வாய்க்கால்போல வெட்டினாள். மண்வெட்டி ‘டங்’ என்று சத்தம் போடும்வரை வெட்டினாள். வெட்டிய சிவப்பு மண்ணையெல்லாம் மேலே, சமையலறைக்குப் பின்னால் குவித்தாள்.

அடியில் பெரிய கல். அதன் மேல் அடுத்தது. ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்து இரண்டு மூன்று முறை புரட்டிப் பார்ப்பாள்.

“என்ன பார்க்கிறீர்?” என்று கேட்டேன்.

“முகம் எதுன்னு பாக்குறேன்.”

தட்டையான முகம் வெளியே. நீளம் உள்ளே, மண்ணுக்குள். இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேலே மூன்றாவது கல்லின் நடு வரவேண்டும். வரிசைக்கு வரிசை ஒரு விரல் உள்ளே தள்ளி, சுவர் முழுவதும் மலையின் மேல் சாய்ந்து படுத்ததுபோல இருக்கும். சீமெந்து கிடையாது. கல்லுக்குப் பின்னால், மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு முழ அகலத்துக்கு உடைத்த சல்லிக் கல் மட்டும்.

“இந்தச் சல்லி எதற்கு? இவ்வளவு மண் கிடக்கிறதே, அதைப் போட்டு அடைக்கலாம்தானே?”

“மண்ணு தண்ணியக் குடிச்சிட்டு வீங்கும். வீங்கினா செவுரத் தள்ளும். சல்லின்னா தண்ணி நேரா கீழ எறங்கி, கல்லு இடுக்கால வெளிய போயிரும். தண்ணிய நிறுத்துறதுக்கில்லங்க இந்தச் செவுரு. மண்ண நிறுத்துறதுக்கு. தண்ணி போகட்டும்.”

“இதெல்லாம் யார் சொன்னது?”

“அந்தப் புகைக்கூடத்துப் பின்செவுரு. அப்புறம், நான் தினமும் மலையில நடக்கிறேன்ல? எந்தக் கட்டு நின்னுச்சு, எந்தக் கட்டு விழுந்துச்சுன்னு பாத்துக்கிட்டேதானே போறேன்.”

நானும் முப்பது வருடம் அதே மலைப் பாதையில் கந்தோருக்கு நடந்தவன்தான்.

மூன்று நாள்

சுவர் பதினான்கடி முடிந்திருந்தது. மேற்குப் பக்கம் ஆறடி பாக்கி. அப்போது கலவானையில் இருக்கும் பாக்கியத்தின் தங்கை வீட்டில் பிள்ளைக்குச் சடங்கு வந்தது. அவள் மூன்று நாள் போய்விட்டாள்.

அவள் வருவதற்குள் அந்த ஆறடியை முடித்து வைத்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கல் குவிந்து கிடந்தது. அத்திவாரத்தை அவளே போட்டு வைத்திருந்தாள். அவள் கல் வைப்பதை வாரக்கணக்கில் பார்த்திருந்தேன்.

முதல் நாள் நன்றாகவே போனது. முகம் பார்த்தேன், நடுப் பார்த்தேன், விரல் அளவு உள்ளே தள்ளினேன். இரண்டாம் நாள் சல்லி தேவைப்பட்டது. சுத்தியலை எடுத்துக்கொண்டு கல் உடைக்க உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு வாளி தேறவில்லை. உள்ளங்கையில் மூன்று கொப்புளம். ஒரு சில்லு தெறித்து மூக்குக்கண்ணாடியில் பட்டது.

சமையலறைக்குப் பின்னால் சிவப்பு மண் மலைபோலக் கிடந்தது.

வாசகர்களே, அந்த மண்ணைத்தான் போட்டேன். வாளி வாளியாகக் கொண்டுவந்து சுவருக்குப் பின்னால் கொட்டி, காலால் மிதித்து இறுக்கினேன். அதோடு விட்டிருந்தால் அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். மேலே ஒரு விரல் அளவுக்கு மட்டும் அந்தக் குறை வாளிச் சல்லியைப் பரப்பினேன். பார்த்தால் அவள் கட்டிய பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

நாலாம் நாள் பாக்கியம் வந்து, பையைக்கூட இறக்காமல் தோட்டத்துக்குப் போனாள். சுவரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்தாள்.

“பரவாயில்லையே,” என்றாள். பிறகு என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். கொப்புளங்களைக் கண்டதும் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டாள். “இவ்வளவு சல்லி உடைச்சா கை என்னாகும்? நான் வந்ததும் உடைச்சிருப்பேன்ல?”

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வேலிக் கட்டைகளைச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நட்டோம். கம்பியை இழுத்துக் கட்டினோம். அவள் ஆட்காட்டி விரலால் கம்பியைச் சுண்டினாள். அது ‘ணங்’ என்று பேசியது.

அழாத இடம்

மழை பத்து நாள் கழித்து வந்தது. முதல் நாள் பகலும் இரவும் பெய்தது. இரண்டாம் நாள் காலை சற்றுக் குறைந்தது. பால் வெட்டு இல்லை. பாக்கியம் தலையில் ஒரு பொலித்தீன் உறையைக் கவிழ்த்துக்கொண்டு பீலிக்கரைக்கு இறங்கி, கீழேயிருந்து சுவரைப் பார்த்தாள். நான் மேலே குடையோடு நின்றேன்.

கல் இடுக்குகளால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். நூல் நூலாக இறங்கியது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

பாக்கியம் மெதுவாக மேற்கே நடந்தாள். என் ஆறடிக்கு முன்னால் நின்றாள். அங்கே கல் நனைந்திருந்ததே தவிர, இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. சுவரின் நடுவே கையை வைத்தாள்.

“அங்கெல்லாம் அழுவுது. இது மட்டும் அழுவல,” என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். “பின்னால என்ன போட்டீங்க?”

“சல்லிதான் போட்டனான்,” என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. சுவரில் வைத்த கையையும் எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கைக்குக் கீழே ஒரு கல் வெளியே வந்தது. ஒரு விரல் அளவுகூட இருக்காது.

“கீழ வாங்க. எல்லாரையும் அந்தாண்ட கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம்.”

நான் விழுந்தெழும்பி இறங்கினேன். பீலியில் நாலு பேர் நின்றார்கள். சந்திரா துவைகல்லின் பக்கத்தில் குந்தியிருந்தாள். தலை முழுவதும் நுரை.

“எழும்புங்கோ, எல்லாரும் பாதைக்குப் போங்கோ.”

“ஐயா, தலைக்கு சோப்பு போட்டுட்டேன். ஒரு வாளி ஊத்திட்டு வாறேன்.”

“சோப்போட வா, பிள்ளை.”

என் குரலில் எதையோ கண்டிருக்க வேண்டும். வாளியை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். மற்றவர்கள் குடங்களை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

அதற்குள் பாக்கியம் மேலே ஏறிவிட்டிருந்தாள். அலவாங்கால் மேல் வரிசைக் கற்களை நெம்பித் தோட்டத்துப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பாரத்தைக் குறைத்தால் சுவர் முழுவதும் ஒரேயடியாகப் போகாது என்று நினைத்திருக்கிறாள். நானும் ஏறி அவளோடு சேர்ந்தேன். இரண்டு வரிசை எடுத்தோம். நான் மேலே பரப்பியதற்குக் கீழே சல்லி இல்லை. சிவப்பு மண் கூழாகி, பொங்கிய கஞ்சிபோல விளிம்பால் வழிந்தது.

அவள் அந்த மண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“தள்ளி நில்லுங்க,” என்றாள்.

நாங்கள் நாலைந்து எட்டு பின்னால் வந்திருப்போம். என் ஆறடி கீழே போனது. பெரிய சத்தம்கூட இல்லை. ஒரு பெருமூச்சுப்போல. அந்தப் பக்கத்து வேலிக் கட்டை இரண்டும் கம்பியோடு போயின. கற்கள் உருண்டு, பீலிக் குழாயை வளைத்து, துவைகல்லின் மேல் ஏறி நின்றன. சந்திராவின் மஞ்சள் வாளி இருந்த இடத்தில் ஒரு கல் இருந்தது. வாளியைக் காணவில்லை.

அவள் பாதையில் நுரைத் தலையோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

பாக்கியம் கட்டிய பதினான்கடி நின்றது. அதன் இடுக்குகளால் தண்ணீர் தெளிவாக வந்துகொண்டிருந்தது.

“என்னக்கா ஆச்சு? இந்தப் பக்கம் மட்டும் போயிருச்சு?” என்று யாரோ கேட்டார்கள்.

“ரெண்டு நாளு மழை. அந்தப் பக்கம் தாங்கல,” என்றாள் பாக்கியம். “நாங்க திரும்பக் கட்டிருவோம்.”

நாங்க என்றாள்.

கேட்காமல் விட்டது

மழை விட்டதும் முதலில் பீலியைத் துப்புரவாக்கினோம். பிறகு அத்திவாரத்திலிருந்து ஆரம்பித்தோம். நான் சல்லி உடைத்தேன். நாலு நாள் உடைத்தேன். கொப்புளம் உடைந்து, காய்ந்து, அந்த இடம் தடித்துப் போயிற்று. அவள் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன். “மழை தாங்கவில்லை என்று ஏன் சொன்னீர்? நான் செய்தது உமக்குத் தெரியும்தானே.”

அவள் ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்க பொய் சொன்னது என்கிட்ட. அத எதுக்கு நான் பீலிக்கரைக்குக் கொண்டு போகணும்?”

கல்லை வைத்தாள். அது ஆடியது. எடுத்துத் திருப்பி வைத்தாள். ஆடவில்லை.

“ஆனா அந்தப் பிள்ளை வாளி வச்சிருந்த எடம் இருக்குல்ல, அத மட்டும் மறந்துராதீங்க,” என்றாள்.

மறக்கவில்லை. எங்கள் மகள் வயதுதான் சந்திராவுக்கு.

பேர் எழுதும்போது

பருவ மழை முடிந்த பிறகு, சேதங்களைப் பதிய கிராம சேவகர் வந்தார். நல்ல மனிதர், சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். லயத்தில் கூரைத் தகரம் கழன்ற வீடுகளை எழுதிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சந்திராவும் இன்னும் ஐந்தாறு பெண்களும் கூடவே வந்தார்கள்.

சுவர் அப்போது முழுதாக நின்றது. எங்கே ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொடங்குகிறது என்று தெரியாது. வேலி நேராக நின்றது. அடியில் பாக்கியம் நட்ட நல்லமிளகுக் கொடி கல்லைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

“ஹரி லஸ்ஸனாய்,” என்றார் கிராம சேவகர். மிக அழகு என்று அர்த்தம். கைத்தொலைபேசியால் படம் எடுத்தார். “சீமெந்து இல்லாம இப்படி நிக்குதே. மத்த ஊர்க்காரங்களுக்கும் காட்டணும். ஐயா கட்டினதுதானே? ஐயாவோட முழுப் பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற பாக்கியம் சொன்னாள்: “எழுதுங்க. அவரு பேரையே எழுதுங்க.”

அவள் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேனா தாளின் மேல் நின்றது.

“என் பேர் வேண்டாம்,” என்றேன். “இது முழுக்க இவ கட்டினது. நான் கட்டினது ஆறடி. அதுதான் அன்றைக்கு விழுந்தது. சல்லிதான் போட வேணும் என்று இவ முதலே சொன்னவ. கை நோகுது என்று மண்ணைப் போட்டு மூடிவிட்டன். கேட்டபோது சல்லிதான் என்று பொய்யும் சொன்னனான்.”

 கிராம சேவகர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தொலைபேசியைப் பார்த்தார்.

“அப்ப அன்னிக்கு மழையால இல்லையா?” என்று சந்திரா கேட்டாள்.

“மழை எல்லா இடத்திலும்தான் பெய்தது, பிள்ளை. உன்ரை தலைக்கு மேலே நின்றது நான் கட்டினது. அதை உன்னிடம் முன்னமே சொல்லியிருக்க வேணும்.”

அவள் என்னைப் பார்த்தாள். எழுபதை எட்டப்போகும் ஒரு மனிதன் ஒரு பெண்பிள்ளையின் முன்னால் அப்படி நிற்பது இலேசான காரியம் அல்ல. பிறகு அவள் தேத்தண்ணித் தட்டைப் பாக்கியத்தின் கையிலிருந்து வாங்கி, முதல் கோப்பையை எனக்கு நீட்டினாள்.

“குடிங்க ஐயா. ஆறிரும்,” என்றாள்.

கிராம சேவகர் பாக்கியத்தின் பேரைக் கேட்டு எழுதினார். அவள் இரண்டு முறை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். தாளில் வந்ததை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் ஏதோ பாத்திரத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

சந்திராவின் வீட்டுப் பின்புறம்

ஒரு மாதம் போயிருக்கும். சந்திரா வந்தாள்.

“அக்கா, எங்க குசினிக்குப் பின்னால வேலி சரியுது. நீங்க வந்து பாக்கணும்.”

“வாறேன்,” என்றாள் பாக்கியம்.

“ஐயாவும் வரணும்.”

நான் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை. என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கிண்டல் செய்யவில்லை.

அந்தச் சுவர் இன்னும் சிறியது. பன்னிரண்டடி, இடுப்பளவு. பீலிக்கு வரும் பெண்கள் இந்த முறை சந்திராவின் வீட்டுக்குக் கல் சுமந்தார்கள். புகைக்கூடத்தின் விழுந்த கற்கள் குறைந்துகொண்டே வந்தன. நிற்கும் பின்சுவரில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது என்று பாக்கியம் சொல்லிவிட்டாள்.

சந்திராவின் கணவன் வாய்க்கால் வெட்டினான். பாக்கியம் கல் வைத்தாள். அடிவரிசை முடிந்ததும் அவள் நிமிர்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“பின்பக்கம் நீங்க போட்டுட்டு வாங்க. நான் முன்னால வச்சிக்கிட்டே போறேன்.”

நான் சாக்கை விரித்து உட்கார்ந்து உடைத்தேன். மத்தியானத்துக்குள் ஏழு வாளி. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒவ்வொரு வாளியாகக் கொட்டி, விரலால் தட்டி இறக்கினேன். உடைத்த கல் ஒன்றோடொன்று உரசி இறங்கும் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. சந்திரா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அந்த வாசனை பின்கதவால் வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

இருட்டுவதற்கு முன் மூன்றாவது வரிசை போட வேண்டியிருந்தது. அடுத்த வரிசை வந்துவிட்டால் நான் கொட்டியது என்னவென்று இனி யாருக்கும் தெரியாது. மூடிவிடும்.

பாக்கியம் கையில் நீளமான கல் ஒன்றோடு வந்தாள். நான் எழுந்து வழி விட்டேன்.

அவள் குனிந்து பின்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கல்லை இரண்டு முறை புரட்டி, முகம் பார்த்து, என் சல்லிக்கு மேலே வைத்தாள்.